அரிக்குதா என்று நான் கேட்கவில்லை

ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் நான் தப்பான வைத்தியம் பார்த்தேன். அவருக்கு வந்த நோய் எனக்குப் பிடிபடவில்லை என்பது இதில் சின்ன குற்றம். பிடிபடுவதற்கான வாய்ப்பு என் மேஜைக்கே வந்தபோது அதைத் தட்டிவிட்டேன். அதுதான் பெரிய குற்றம். இரண்டையும் எழுதுகிறேன்.

அம்பத்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் கிளினிக் வைத்திருந்தேன். ஸ்பெஷலிஸ்ட் இல்லை. வெறும் எம்.பி.பி.எஸ். 1964-ல் வந்த தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருந்ததால் லேத், மில்லிங், பிரஸ் ஷாப் ஆட்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். ஷிஃப்ட் முடிந்து, நகக்கண்ணில் ஆயிலோடு. சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்தால் ராத்திரி பத்து வரை பெஞ்ச் காலியாகாது. ஒருத்தருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். கைராசிக்காரர் என்று பேர் வேறு. அந்தப் பேர் ஒரு டாக்டருக்குக் கெடுதல். ஒரு கட்டத்துக்கு மேல் நோயாளியை விட்டுவிட்டு அந்தப் பேருக்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த நோயாளி பட்டாபிராமில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி வேலைக்குப் போகிறவர். டர்னர். ஐம்பதைத் தாண்டியவர். பேரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கொரோனாவுக்குச் சில வருடங்கள் முன்பு முதல் தடவை வந்தார். மேலுதடு மட்டும் வீங்கி, மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. "என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். "மத்தியானம் கத்திரிக்காய் சாம்பார் சார்." எனக்கு அது போதுமாக இருந்தது. அலர்ஜி. ஏவில் ஒன்று, டெக்ஸா ஒன்று, இரண்டு ஊசி. ஐந்து நாளைக்கு செட்டிரிசின். கத்திரிக்காய், கருவாடு, முட்டை வேண்டாம்.

மூன்றாம் நாள் உதடு பழையபடி ஆனது. ஊசி வேலை செய்தது என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன்.

அரிக்குதா என்று நான் கேட்கவே இல்லை.

அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் வந்திருக்கும் என்று இப்போது தெரியும். அரிக்கவில்லை. தடிப்பு இல்லை. சிவப்பு இல்லை. அலர்ஜியில் வருகிற வீக்கம் சடசடவென்று வரும், பெரும்பாலும் அரிப்போடும் தடிப்போடும் வரும், ஏவிலுக்கு அடங்கும். இவருடையது காலையில் லேசாக விறைத்து, சாயங்காலத்துக்குள் முழுசாக ஏறி, இரண்டு மூன்று நாள் நின்று, தானாக வடிந்தது. நான் ஊசி போட்டாலும் அப்படித்தான். போடாவிட்டாலும் அப்படித்தான். இதைக் கவனிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. காது இருந்தால் போதும்.

பிறகு கை வீங்கியது. சக் கீயை அழுத்தி முறுக்கிய நாட்களில் உள்ளங்கை புடைத்துக்கொண்டது. நின்று வேலை பார்த்த வாரத்தில் பாதம். ஒரு தடவை சொல்லக் கூசுகிற இடத்தில். அதற்கு வரவே அவர் ஒருநாள் யோசித்திருக்கிறார். அழுத்தம் படுகிற இடமாகப் பார்த்து வீக்கம் வருகிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். லேத்தில் நிற்கிறவருக்குக் காரணகாரியம் பார்க்கிற புத்தி உண்டு. "கட்டிங் ஆயில் ஒத்துக்கல போல, கிளவுஸ் போடுங்க" என்றேன். ஓடுகிற லேத்தில் கிளவுஸ் போடக்கூடாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அவர்தான் மரியாதையாகச் சிரித்துவிட்டுச் சொன்னார்.

அதற்கப்புறம் வயிறு. சுருட்டிப் பிடிக்கிற வலி, வாந்தி. ஒரு ராத்திரி தாங்க முடியாமல் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் என்று சந்தேகப்பட்டுத் திறந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய நோய் ஏதாவது உண்டா என்று அவர்கள் கேட்டபோது நீட்டப்பட்டது என் சீட்டுதான். அதில் 'அலர்ஜி' என்று என் கையெழுத்தில் இருந்தது. எடுத்த குடல்வாலில் நோய் எதுவும் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. வீங்கியிருந்தது குடலின் சுவர்.

இனி அந்தச் சாயங்காலம்.

தையல் பிரித்த பிறகு, டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு வந்தார். அப்போது என்னிடம் ஒரு இளம் டாக்டர் சாயங்காலங்களில் உதவிக்கு இருந்தாள். புதிதாகப் படித்து முடித்தவள். அவள் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி முழுசாகப் படித்தாள். நான் கடைசி வரியை மட்டும் படிக்கிறவன். "சார், மண்ணீரல் பெரிசா இருக்குன்னு போட்டிருக்காங்க" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "வீங்கறப்போ அரிக்குமா அங்கிள்?" என்று கேட்டாள். "இல்லம்மா, விண்ணு விண்ணுன்னு இருக்கும், அவ்ளோதான்." அவள் தணிந்த குரலில் என்னிடம் சொன்னாள்: "சார், சி4 ஒண்ணு பார்க்கலாமா? சி1 இன்ஹிபிட்டர் குறைவா இருக்குமோன்னு தோணுது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சட்டென்று சொன்னேன்: "ஏம்மா, புஸ்தகத்தையெல்லாம் வீட்ல வச்சிட்டு வா. இங்க நோயாளி இருக்காங்க." இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அதற்காகத்தான் சொன்னேன். அவள் முகம் கறுத்துவிட்டது. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டாள்.

மண்ணீரலைப் பற்றி, "எப்பவோ மலேரியா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். மலேரியா வந்ததா என்றுகூட அவரிடம் கேட்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. பிரஷர் பார்த்தேன். கூடுதலாக இருந்தது. எனலாப்ரில் எழுதிக் கொடுத்தேன். காலையில் ஒன்று, தினமும்.

அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், இல்லை. எண்பதுகளில் படித்தபோது பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. பரீட்சையில் சிறுகுறிப்பாக வந்து, எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இந்த வீக்க நோயில் குடும்பவழியாக வருகிற வகையை ஆஸ்லர் என்ற மருத்துவர் 1888-லேயே எழுதிவைத்தார். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் சி1 இன்ஹிபிட்டர் என்கிற புரதம் குறைவு என்று டொனால்ட்சன், எவன்ஸ் என்ற இருவர் 1963-ல் காட்டினார்கள். பிறவியில் இல்லாமல் நடுவயதுக்கு மேல் வருகிற வகையும் உண்டு. அதை 1972-ல் கால்ட்வெல் குழு அமெரிக்காவில் எழுதியபோது, அவர்கள் பார்த்த நோயாளிகளுக்கு நிணநீர்ப் புற்று இருந்தது. அதாவது வீக்கமும் புற்றும் சேர்ந்து வரும் என்பது முதல் அறிக்கையிலேயே இருக்கிறது. நான் மருத்துவக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே அச்சான விஷயம்.

அந்தப் புரதத்தின் வேலை அடக்கி வைப்பது. ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்றொரு எதிர்ப்புப் படை உண்டு. அது தேவையில்லாமல் கிளம்பிவிடாமல் சி1 இன்ஹிபிட்டர் பிடித்து வைக்கும். பிராடிகைனின் என்ற பொருள் அளவுக்கு மேல் உண்டாகாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று வந்தால், புற்றணுக்களைச் சுற்றி நடக்கிற வினையிலேயே இந்தப் புரதம் செலவாகித் தீர்ந்துபோகலாம். அல்லது அதை முடக்குகிற எதிர்ப்பொருளை உடம்பே தயாரிக்கலாம். பிராடிகைனின் ஏறும். ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் வெளியே கசியும். உதட்டில் கசிந்தால் உதடு. குடலில் கசிந்தால் வயிற்றுவலி. குரல்வளையில் கசிந்தால் மூச்சு. அலர்ஜி வீக்கத்தைக் கிளப்புகிற ஹிஸ்டமினுக்கு இதில் வேலையே இல்லை. ஆகவே அதை அடக்குகிற ஏவிலுக்கும் வேலை இல்லை. பிற்பாடு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு இதை விளக்கியபோது, "வாஷர் போன பைப்பா சார் நான்?" என்று கேட்டாராம். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

எனலாப்ரில் கதை இன்னும் மோசம். பிராடிகைனினை உடைத்து அப்புறப்படுத்துகிற என்சைமின் பேர் ஏ.சி.இ. அதைத் தடுத்துத்தான் எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் பிரஷரைக் குறைக்கின்றன. 1949-ல் பிரேசிலில் ரோச்சா இ சில்வா குழுவினர் பிராடிகைனினைக் கண்டுபிடித்தது ஜராரக்கா என்கிற பாம்பின் விஷத்தை வைத்து. இந்த மாத்திரைகளின் மூத்த அண்ணன் கேப்டோபிரில் பிறந்ததும் அதே பாம்பின் விஷத்தில் கிடைத்த துப்பால்தான். சாதாரண ஆளுக்கு இவை நல்ல மாத்திரைகள். லட்சக்கணக்கானவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே காரணம் தெரியாமல் வீங்குகிறவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுக் காகிதத்திலேயே அச்சாகியிருக்கிறது. வழிகிற தொட்டிக்கு இருந்த முக்கிய வடிகாலையும் நான் அடைத்தேன்.

அதன்பின் வீக்கம் மாதம் ஒன்று என்பது போய் வாரம் ஒன்று ஆனது. நான் டெக்ஸாவைக் கூட்டினேன். வைசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்தேன். சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு லிம்போமாவைக் கொஞ்சம் அமுக்கி மறைத்துவைக்கவும் கூடும். பெரிய இடத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அனுப்ப நினைத்தேன். லெட்டர்கூட எழுதினேன். அங்கே யாராவது என் பழைய சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பார்கள் என்ற பயம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் மனைவி ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனார். முதலில் கத்திரிக்காய், பிறகு கருவாடு, முட்டை, வேர்க்கடலை, புளி. கடைசியில் ரசம்கூட இல்லாமல் மோரும் சாதமும். கடுகு தாளிக்கிற வாசனைக்கே வருகிறதோ என்று, அவர் வேலைக்குப் போன பிறகுதான் அடுப்பு பற்றவைப்பார். திருவேற்காடு கருமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போனார். தன் சமையல்தான் புருஷனைக் கொல்கிறது என்று ஒரு பெண் இரண்டு வருடமாக நம்பியிருக்கிறார். நம்ப வைத்தது என் சீட்டு. மாமியாரும் நாத்தனாரும் அதை வைத்துப் பேசியது தனி.

கம்பெனி இன்னொன்று. சின்ன ஷாப். அவருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. லீவுக்கு என் சர்டிஃபிகேட்தான். ஒவ்வொன்றிலும் அலர்ஜி, அலர்ஜி, அலர்ஜி. "அலர்ஜிக்கு எவன்யா நாலு நாள் லீவு போடுவான்?" என்று சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இவருடைய மெஷினில் வேறு ஆளை நிறுத்திவிட்டார்கள்.

பல் விஷயத்தோடு எல்லாம் முடிவுக்கு வந்தது. கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஆவடியில் ஒரு பல் டாக்டர் என் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, எடுப்பதற்கு முன்பு எனக்கு போன் செய்தார். முறையான மனிதர். "இவருக்கு அடிக்கடி வீங்குதாமே சார், எடுக்கலாமா?" "சாதா அலர்ஜிதான். ஏவில் போட்டுட்டு எடுங்க" என்றேன். கிளினிக்கில் கூட்டம். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பல் எடுப்பது குரல்வளை வீக்கத்துக்குத் தெரிந்த காரணங்களில் முக்கியமானது.

பல் எடுத்த அன்று ராத்திரி பதினொன்றைத் தாண்டி அவர் மனைவி போன் செய்தார். "சார், குரல் மாறிப்போச்சு. எச்சில் முழுங்க முடியலங்கறாரு." நான் படுத்துவிட்டிருந்தேன். "இன்னும் ரெண்டு வைசலோன் குடுங்க. உட்கார வச்சிருங்க. காலைல கூட்டிட்டு வாங்க." குரல் மாறுவது எதன் அறிகுறி என்று எந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் தூங்கப் போனேன் என்று சொல்ல முடியாது. அலர்ஜி என்று இரண்டு வருடம் சொன்ன வாய்க்கு, அந்த நேரத்தில் வேறொன்றை நினைக்கிற தைரியம் வரவில்லை. தூக்கமும் வந்தது. இரண்டும் உண்மை.

அந்த அம்மா என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றி, சி.டி.எச். ரோட்டில் நேராக நகரத்தின் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகிற வழியில் என் கிளினிக்கைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். கேஷுவாலிட்டியில் அட்ரினலின் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. வாய்வழியாகக் குழாய் இறங்கவில்லை. கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைத்தார்கள்.

மறுநாள் வார்டில் ஒரு டாக்டர் அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, அரிப்பு இருக்குமா என்பது. இரண்டாவது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. எனலாப்ரிலை அப்போதே நிறுத்தினார்கள். உறையவைத்த பிளாஸ்மா ஏற்றினார்கள். அதில் அந்தப் புரதம் இருக்கிறது. புரதத்தை மட்டும் தனியாகப் பிரித்த ஊசியும், பிராடிகைனினைத் தடுக்கிற இகாடிபான்ட் ஊசியும் உலகத்தில் உண்டு. ஒரு டர்னர் வீட்டுக்கு அவை எட்டுகிற விலையில் இல்லை. ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் படையைச் சேர்ந்த சி4 அடிமட்டத்தில் இருந்தது. சி1 இன்ஹிபிட்டர் குறைவு. சி1க்யூ-வும் குறைவு. பிறவி வகையில் இந்தக் கடைசி ஒன்று பெரும்பாலும் குறையாது. அது குறைந்தால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று தேட வேண்டும். தேடினார்கள். மண்ணீரல் இன்னும் பெரிதாகியிருந்தது. எலும்பு மஜ்ஜையில் பி செல் லிம்போமா.

வீக்கத்துக்கு ட்ரானெக்சாமிக் ஆசிட் கொடுத்தார்கள். லிம்போமாவுக்கு ரிட்டுக்சிமாப். அரசுக் காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கியது. சில மாதத்தில் சி4 ஏறியது. வீக்கம் வருவது நின்றுவிட்டது. புற்றைக் கவனித்ததும் புரதம் தானாகத் திரும்பியது. மெதுவாக வளர்கிற வகை என்பதால், நான் வீணாக்கிய காலம் அவர் உயிரை வாங்கவில்லை. அது அவர் அதிர்ஷ்டம். என் திறமை அதில் எதுவும் இல்லை. கழுத்துத் துளை மூடிவிட்டது. குரல் மட்டும் கரகரப்பாகவே நின்றுவிட்டது.

சி4 பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் ஆகும். அம்பத்தூரில் ரத்தம் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு அனுப்புகிற லேப்கள் என் தெருவிலேயே இருந்தன.

கண்டுபிடித்த பிறகு நான் வார்டுக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் மனைவி வராந்தாவுக்கு வந்து கேட்டார்: "அப்பவே கண்டுபிடிச்சிருக்க முடியாதா சார்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் சொன்னேன்: "இது லட்சத்துல, அஞ்சு லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதும்மா. யாராலயும் முடியாது."

எண்ணிக்கை சரிதான். மதிப்பீடுகள் அப்படித்தான் சொல்கின்றன. பதில் பொய். அபூர்வமான நோய் என்பது முதல் மூன்று நிமிடத்துக்கு ஒரு சாக்காக இருக்கலாம். ஊசி கேட்காத வீக்கம், அரிக்காத வீக்கம், வயிற்றுவலி, மண்ணீரல், பேர் சொல்லியே காட்டின ஒரு சின்னப் பெண் எல்லாம் என் மேஜையில் இருந்த பிறகு அது சாக்கே இல்லை. அந்த அம்மாவுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: முடிந்திருக்கும் அம்மா. உங்கள் எதிரிலேயே முடிந்திருக்கும். நான் விடவில்லை. உங்கள் சமையலில் எந்தக் கோளாறும் இல்லை.

அந்த இளம் டாக்டர் மேல்படிப்பு முடித்து வேறு ஊரில் இருக்கிறாள். போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அங்கிள் இப்ப எப்படி இருக்கார் சார்?" என்று மட்டும் கேட்டாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

இதை எழுதியதும் பட்டாபிராமுக்குக் கொண்டுபோய் அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கம்பெனி பேர் எங்கேயும் வந்துவிடக் கூடாது என்றார் கணவர். ஊரில் இன்னும் ஆட்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார். பழைய லீவு சர்டிஃபிகேட்டுகளைத் திருத்தி, உண்மையான நோயின் பேரைப் போட்டு ஒரே தாளில் எழுதித் தர முடியுமா என்று. அங்கேயே உட்கார்ந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, என் பதிவு எண்ணையும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கம்பெனியில் காட்டினார். இடம் காலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.